அந்த மறுவை எடுத்துவிடாதீர்கள்

'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று போட்டுப் படம் எடுக்கும் இயக்குநர்களுக்கும், அவர்களுக்குக் கதை எழுதுகிறவர்களுக்கும், காசு போடுகிறவர்களுக்கும் குளச்சல் பக்கமிருந்து ஒரு ஸ்டுடியோக்காரன் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

ஸ்டுடியோ என்றதும் உங்கள் தொழில் என்று நினைத்துவிட வேண்டாம். பாஸ்போர்ட் சைஸ் படம், ஆதார் ஜெராக்ஸ், கல்யாண ஆல்பம், கோயிலில் முதல் நன்மை (முதல் நற்கருணை) வாங்குகிற பிள்ளைகளின் படம், அப்புறம் செத்துப் போனவர்களின் படத்தைப் பெரிதாக்கி ஃப்ரேம் போட்டுக் கொடுப்பது. இவ்வளவுதான் என் ஸ்டுடியோ. முப்பது வருஷமாக இதே வேலை. ஃபிலிம் ரோல் காலத்தில் தொடங்கி, இப்போது வாட்ஸ்அப்பில் வருகிற மங்கிய படத்தைத் துடைத்துத் தெளிவாக்குகிற காலத்தில் நிற்கிறேன்.

போன மழைக்காலத்தில் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதையாகத்தான் பேசினார்கள். எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதப் போவதில்லை, அந்தப் பிள்ளைகளுக்கு வேலை போய்விடும். "ஒக்கி புயல் பத்திப் படம் பண்றோம் சார். சுனாமியும் கொஞ்சம் வரும். பழைய ஃபோட்டோ எல்லாம் உங்ககிட்ட இருக்கும்னு சொன்னாங்க" என்றார்கள். டீ வாங்கிக் கொடுத்து, அலைக்கு முந்தைய கடற்கரைத் தெரு, பழைய கட்டுமரம், ஊர்த் திருவிழா எல்லாம் எடுத்துக் காட்டினேன். ஒன்றிலும் அவர்களுக்கு மனம் ஒட்டவில்லை. கடைசியில் ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பாடி இருக்கிற ஃபோட்டோ ஏதாவது இருக்குமா சார்? ரெஃபரன்ஸுக்குத்தான்."

இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதிக்கு அடுத்த இரண்டு நாள், ஆள் அடையாளம் தெரியாத உடல்களைப் படம் எடுக்க என்னையும் கூப்பிட்டார்கள். வராந்தாவில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் ஒட்டியிருந்த மண்ணை ஒரு பெண் ஈரத்துணியால் துடைத்துவிட, நான் எடுத்தேன். அடுத்த முகம், அடுத்த முகம். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் பலர் தங்கள் ஆளைக் கண்டுபிடித்தார்கள். எதற்காக எடுத்தேனோ அந்தக் காரியம் அன்றோடு முடிந்தது. சி.டி. மட்டும் இன்னும் பீரோவில் கிடக்கிறது. தூக்கிப் போடவும் மனசில்லை, யாருக்கும் காட்டவும் மனசில்லை. "இல்ல தம்பி, எல்லாம் பூஞ்சை பிடிச்சுப் போச்சு" என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பொய் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் சொல்ல வேண்டியதை நேராக உங்களிடமே சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

நீங்கள் கதையில் மாற்றம் செய்வதே தப்பு என்று சண்டை பிடிக்க நான் வரவில்லை. அப்படிச் சண்டை பிடிக்க எனக்கு யோக்கியதையும் கிடையாது. வாழ்நாளில் கோட்டே பார்க்காத எத்தனையோ கடல்காரர்களுக்கு நான் கோட்டு, டை மாட்டிவிட்டிருக்கிறேன். பின்னால் நீல வானம், ரோஜாத் தோட்டம், சில சமயம் மாதா கோயில் கோபுரம். வீட்டார் கேட்பார்கள், நான் செய்வேன். அவர் உயிரோடு இருக்கும்போது எடுத்த ஒரே படம் ரேஷன் கார்டில் இருப்பதுதான் என்றால், அதில் சட்டையே இல்லை என்றால், வேறு என்ன செய்வது?

ஒக்கிக்குப் பிறகு ஒரு பெண் வந்தார். தூத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கட்டிக்கொடுத்தவர், பிறந்த வீடு இங்கே. ஆழ்கடலுக்குப் போன அவர் வீட்டுக்காரர் திரும்பவில்லை. கையில் இருந்தது யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த குரூப் ஃபோட்டோ. மூன்றாவது வரிசையில், வேறொருவர் தோளுக்குப் பின்னால் முக்கால் முகம். நான் அவருடைய தம்பியின் படத்திலிருந்து தோளை எடுத்து ஒட்டி, ஒரு வெள்ளைச் சட்டை போட்டு, முகத்தைத் துடைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து வேலை செய்தேன். நன்றாகவே வந்திருந்தது. அந்தப் பெண் கம்ப்யூட்டர் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டை அவருக்க சட்டை இல்ல. அது இருக்கட்டு அண்ணே. அந்த மறுவு எங்க?"

இடது கன்னத்தில், மீசை முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு மறு இருந்திருக்கிறது. கல்யாண ஆல்பம் செய்து செய்து எனக்குப் பழகிப் போன கை, அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது. "இது எனக்க மாப்பிள இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். மறுவைத் திரும்ப வைத்தேன். பிறகுதான் அழுதார்.

அடுத்தவன் தோளையும் இல்லாத சட்டையையும் ஏற்றுக்கொண்ட ஆள், உளுந்து அளவு மறுவுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்பது அந்த வீட்டுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. கேட்டால்தான் தெரியும். நான் சொல்ல வந்ததே இதுதான். மீதியெல்லாம் இதற்கான சாட்சி.

ஒக்கியைப் பற்றிப் படம் எடுப்பதாக இருந்தால் உங்களுக்கு ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. அது உங்கள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. 2017 நவம்பர் 30 அன்று புயல் என்று இங்கே அறிவித்தபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி ஆட்களின் போட்டுகள் (விசைப்படகுகள்) பல நாள் ஓட்டத் தூரத்தில், அரபிக் கடலில் கிடந்தன. கரையில் ஒலிபெருக்கியில் சொன்னது அங்கே எப்படிக் கேட்கும்? பல போட்டுகள் லட்சத்தீவு, மகாராஷ்டிரம், குஜராத் என்று போய் ஒதுங்கின. சில போட்டுகள் எங்குமே ஒதுங்கவில்லை. அப்படித் திரும்பாத போட்டுக்குள் கடைசி இரவில் என்ன நடந்தது, யார் என்ன பேசினார்கள், யார் முதலில் போனார் என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. நீங்கள் எடுக்கப் போகிற 'க்ளைமாக்ஸ்' முழுக்க உங்கள் கற்பனைதான். வேறு வழியில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கற்பனையில் யாராவது ஒருவர் பேராசைக்காரராக வேண்டும், யாராவது ஒருவர் "போகாத" என்று சொல்ல வேண்டும், யாராவது பயந்தாங்கொள்ளியாக வேண்டும். இல்லாவிட்டால் சீன் நிற்காது. அந்தப் பேராசைக்காரர் யாருடைய அப்பா?

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் குளோஸ்டர் என்ற மீன்பிடி ஊர். 1991 அக்டோபரில் ஆண்ட்ரியா கெயில் என்ற வாள்மீன் போட்டு ஆறு பேரோடு புயலில் காணாமல் போனது. ஒருவரும் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. எங்கள் கதையேதான். 2000-த்தில் 'தி பெர்ஃபெக்ட் ஸ்டார்ம்' என்று படம் வந்தது. தொடக்கத்தில் 'இது உண்மைக் கதையைத் தழுவியது' என்று போட்டார்கள். வசனங்களும் சில நிகழ்ச்சிகளும் படத்துக்காக உருவாக்கப்பட்டவை என்று கடைசியில், எல்லோரும் எழுந்து போகிற நேரத்தில் போட்டார்கள். அதில் கேப்டனுக்கு நிஜப் பேரையே வைத்து, எதையும் பொருட்படுத்தாமல் ஆபத்தில் போய் விழுகிற ஆளாகக் காட்டியிருக்கிறார்கள் என்று அவருடைய பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். எங்களைக் கேட்காமல் எப்படி அவர் பேரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்பதுதான் கேள்வி. 2005-ல் புளோரிடா மாநில உச்ச நீதிமன்றம், வியாபாரத்துக்காக ஒருவர் பேரைப் பயன்படுத்தத் தடை போடும் அந்தச் சட்டம் சினிமாவுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது.

ஆக, சட்டம் உங்கள் பக்கம்தான் நிற்கும். அதனால்தான் உங்களுக்கு மடல் எழுதுகிறேன், வக்கீலுக்கு எழுதவில்லை.

'டைட்டானிக்' பார்த்திருப்பீர்கள், நாங்களும் பார்த்தோம். அதில் மர்டோக் என்ற கப்பல் அதிகாரி லஞ்சப் பணம் வாங்குவார், பிறகு கூட்டத்தில் ஆட்களைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு சாவார். 1912-ல் அந்தக் கப்பலில் உண்மையாகவே வேலை பார்த்த ஆள் அவர். ஸ்காட்லாந்தில் டால்பீட்டி என்ற சின்ன ஊர்க்காரர். அவர் அப்படிச் செய்தார் என்பதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை. ஊர்க்காரர்களுக்கு அவர் பலரைப் படகில் ஏற்றிக் காப்பாற்றிய வீரர். அவர்கள் விடாமல் கேட்டதும், 1998-ல் படக் கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவர் அந்த ஊருக்கே போய் வருத்தம் தெரிவித்து, ஊர்ப் பள்ளியில் அவர் பேரால் கொடுக்கும் பரிசுக்கு 5,000 பவுண்டு கொடுத்துவிட்டு வந்தார். உலகத்தில் அதுவரை வந்ததிலேயே அதிகம் வசூலித்த படம் அது. 5,000 பவுண்டு. சரி, வந்து மன்னிப்பாவது கேட்டார்களே. 85 வருஷம் கழித்தும் ஒரு ஊர் தன் ஆளுக்காகப் பேசியது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எங்கள் கடற்கரையும் அப்படிப்பட்ட ஊர்தான், மறக்காது.

சுனாமிக்கு வருகிறேன்.

சினிமாவில் சுனாமி என்றால் நீல நிறத்தில், சுவர் மாதிரி, தென்னை உயரத்துக்கு நுரையோடு எழுந்து வரும். நாங்கள் பார்த்தது அது இல்லை. மணவாளக்குறிச்சி மணல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இல்மனைட், மோனசைட் எல்லாம் கலந்த கறுப்பு மணல். அரசே ஆலை வைத்து அதைப் பிரித்தெடுக்கிறது. அந்த மணலைக் கலக்கிக்கொண்டு வந்த தண்ணீர் கறுப்பாகத்தான் வந்தது. கடல் உள்ளே போனது, திரும்ப வந்தது, ஏறிக்கொண்டே இருந்தது. ஓடினவர்களுக்குக் குறுக்கே, கரையை ஒட்டிக் கிடக்கும் திருவிதாங்கூர் காலத்து ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாய். கடலுக்குத் தப்பி ஓடிப் போய்க் கால்வாய்ச் சேற்றில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். தெருவில் நட்சத்திர விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் போட்டிருந்தது முந்தின நாள் எடுத்த புதுச்சட்டை. முகம் தெரியாமல் போன பிள்ளைகளைச் சட்டையை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள்.

இன்னொன்று. குளச்சல் மேற்குக் கடற்கரை. சுமத்ரா பக்கம் எழுந்த அலை கிழக்கிலிருந்துதானே வரணும்? இலங்கையைச் சுற்றி, முனையைச் சுற்றி வளைந்து வந்துதான் எங்களை அடித்தது. நாகப்பட்டினத்தில் நிமிர்ந்து வந்து அடித்த அதே அலை, இங்கே முதுகுப் பக்கமாக வந்து அடித்தது. மாவட்டத்தில் 700-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். குளச்சலில் ஒரே கல்லறையில் 400-க்கும் மேல், கொட்டில்பாட்டில் 199 பேர். மணக்குடியில் பாலமே பெயர்ந்து போனது. உலகத்துக்குத் தெரிந்தது என்ன? திருவள்ளுவர் சிலைமேல் அலை மோதிய காட்சியும், விவேகானந்தர் பாறையில் மாட்டிக்கொண்ட சுற்றுலாப் பயணிகளும். அவர்கள் பத்திரமாகத் திரும்பினார்கள், சந்தோஷம். ஆனால் கேமரா எப்போதும் சிலை இருக்கிற பக்கமே பார்க்கும் போல.

2008-ல் வந்த 'தசாவதாரம்' படத்தில், கொடிய கிருமியைக் கொல்ல உப்பு தேவைப்படும்போது சுனாமி வந்து கதையை முடித்து வைக்கும். நடந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு தியேட்டரில் பார்த்தேன். கதையாகப் பார்த்தால் கெட்டிக்கார யோசனைதான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் எனக்கு முன் வரிசையில் கடற்கரைப் பையன்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அலை வரும்போது ஒருவனும் திரையைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு செல்ஃபோனைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். அப்போது வந்த பட்டன் ஃபோன், அதில் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

பிறகு 2014 டிசம்பர் 25-ல் 'கயல்' வந்தது. பத்தாம் ஆண்டு நினைவுக்கு முந்தின நாள் ரிலீஸ். கதை முடிவது கன்னியாகுமரியில், சுனாமியில். காதலர்கள் பிரிந்து, பிறகு சேர்ந்துவிடுவார்கள். கிராஃபிக்ஸ் நன்றாகவே இருந்தது. ரிலீஸ் அன்றைக்கு எங்கள் ஊரில் மறுநாள் கல்லறைக்கு வைக்க மெழுகுதிரி வாங்கிக்கொண்டிருந்தார்கள். தேதியைப் பார்த்துத்தான் வைத்தீர்கள் என்பது தெரிகிறது. தேதிக்கு இந்தப் பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை யோசித்தீர்களா என்றுதான் தெரியவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் ஒழுங்கா என்று கேட்பீர்கள். இல்லை. 2012-ல் வந்த 'தி இம்பாசிபிள்', தாய்லாந்துக் கடற்கரையில் சுனாமியில் மாட்டிப் பிழைத்த ஒரு குடும்பத்தின் உண்மைக் கதை. நிஜத்தில் அவர்கள் ஸ்பெயின்காரர்கள், படத்தில் ஆங்கிலேயர்கள். அந்த அம்மா மரியா பெலோன் படக்குழுவோடு கூடவே இருந்து எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவருக்கு அந்த மாற்றம் சம்மதம், அது அவருடைய சட்டை, அவர் மாற்றிக்கொள்ளலாம். தண்ணீரையும் காயத்தையும் அவ்வளவு நிஜமாகக் காட்டிய படம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் தாய்லாந்தில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். படத்தில் அந்த நாட்டுக்காரர்கள் தூக்கிவிடுகிறவர்களாகவும் துணி கொடுக்கிறவர்களாகவும்தான் வருகிறார்கள். அவர்கள் வீட்டில் யார் செத்தார் என்று கேமரா கேட்கவே இல்லை.

நான் இதில் வசதியாகப் பேசுகிறேன் என்று தோன்றும். சினிமா செய்த நல்லதையும் சொல்லிவிடுகிறேன். 1993-ல் கம்மாபுரம் போலீசிடம் மாட்டிச் செத்துப் போன ராஜாக்கண்ணுவை, 2021-ல் 'ஜெய் பீம்' வரும்வரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் மனைவி பார்வதி அம்மாள் எப்படி இருக்கிறார் என்று நாடே கேட்டது படம் வந்த பிறகுதான். 2006-ல் கொடைக்கானல் குணா குகையில் விழுந்தவனைத் தூக்கப் போராடிய மஞ்ஞும்மல் பையன்களைப் போலீஸ் அடித்தது பற்றி விசாரிக்கச் சொல்லி உத்தரவு வந்ததே 2024-ல், 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படம் ஓடின பிறகு. மனு செய்யாததைச் சினிமா செய்கிறது. கேரள வெள்ளத்தைப் பற்றிய '2018' படத்தில் மீனவர்கள் வள்ளத்தை லாரியில் ஏற்றுகிற இடம் வந்ததும் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அதே படத்தில் வெடிமருந்து ஏற்றி வருகிற லாரிக்காரர் தமிழராக இருந்தார் என்பது வேறு விஷயம். எல்லையோரத்தில் இருக்கிறவர்களுக்கு இப்படி ஒரே படத்தில் இரண்டு கிடைக்கும்.

அதே 'ஜெய் பீம்' படத்தில்தான் குறவர் சமூகத்து ராஜாக்கண்ணு இருளராக ஆனார். இருளர் படும் பாட்டைக் காட்ட வேண்டும் என்று நினைத்திருக்கலாம், நல்ல நோக்கமாகவே இருக்கலாம். ஆனால் ஒரு சமூகத்தின் சாவை எடுத்து இன்னொரு சமூகத்துக்குக் கொடுத்தது மறுவைத் துடைத்த மாதிரிதான். அப்புறம் அதில் வரும் போலீஸ் அதிகாரி வீட்டுச் சுவரில் தொங்கிய, ஒரு சாதியின் சின்னம் போட்ட காலண்டர். ஒரு சில நொடி வந்த காலண்டரால் மாநிலமே இரண்டுபட்டது, பிறகு அதை மாற்றினார்கள். ஃபோட்டோ எடுக்கிறவனுக்குப் பின்னணிதான் முதல் பாடம், ஆளுக்குப் பின்னால் என்ன தொங்குகிறது என்று பார்க்காமல் பட்டனை அழுத்தக் கூடாது. 'அமரன்' படத்தில் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டிய ஃபோன் நம்பர் சென்னையில் ஒரு மாணவருடைய நிஜ நம்பராகப் போய், அந்தப் பையன் தூங்க முடியாமல் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டி வந்தது. கோடிக்கணக்கில் செலவழிக்கிறீர்கள், பத்து இலக்கத்தை ஒருமுறை டயல் செய்து பார்க்க ஆள் இல்லையா?

எண்ணிலும் தேதியிலும் கை வைக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். 'கர்ணன்' வந்தபோது நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து அடித்தது 1995-ல். அதை நினைவுபடுத்தும் படத்தில் 1997 என்று போட்டார்கள். இடையில் ஆட்சி மாறியிருந்தது. பழி ஒரு கட்சியிலிருந்து இன்னொரு கட்சிக்கு மாறிவிடுகிறதே என்று சத்தம் வந்ததும் '90-களின் பிற்பகுதி' என்று மாற்றினார்கள். 'தி கேரளா ஸ்டோரி'க்காரர்கள் 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டார்கள் என்று சொல்லிவிட்டு, 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் அந்த எண்ணுக்கு உறுதியான தரவு இல்லை என்று படத்திலேயே போடுவதாக ஒத்துக்கொண்டார்கள். திரையில் வருகிற எண்ணை ஜனங்கள் கல்வெட்டு என்று நம்புகிறார்கள். ஒக்கியில் காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று அரசு வைத்திருந்த பட்டியலும் கடற்கரைத் தேவாலயப் பங்குகளில் பாதிரியார்கள் வைத்திருந்த பட்டியலும் ஒத்துப் போகவில்லை. 2017 டிசம்பர் 7-ஆம் தேதி ஊர் ஊராக நடந்து போய் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, அது எதற்கு? தேடுங்கள், எண்ணுங்கள் என்று கேட்கத்தான். நீங்கள் எந்தப் பட்டியலை எடுக்கிறீர்களோ அந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். இரண்டையும் போடுங்கள், இரண்டு என்றே போடுங்கள்.

பேச்சைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். குமரி மாவட்டத்து ஆள் என்றதும் உங்கள் படத்தில் "ஏலே" என்று ஒரு நெல்லைக்காரர் வந்துவிடுகிறார். ஆரல்வாய்மொழியிலிருந்து நீரோடி போவதற்குள் பேச்சு மூன்று தரம் மாறும். நாஞ்சில் நாட்டுப் பேச்சு வேறு, விளவங்கோட்டுப் பேச்சு வேறு, கடற்கரைப் பேச்சு வேறு. "என் வீடு" என்று நாங்கள் சொல்வதில்லை, "எனக்க வீடு". "அவருடைய வள்ளம்" இல்லை, "அவருக்க வள்ளம்". ஒரு 'க்க' போதும், எங்கள் ஆள் என்று தெரிந்துவிடும். ஒக்கியைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த ஆவணப்படத்துக்கு 'ஒருத்தரும் வரேல' என்று பேர். அந்த 'வரேல'வைக் கேட்டாலே எந்த ஊர் வாய் என்று தெரிகிறது. கரையில் உட்கார்ந்து கேட்டவர்களுக்குத்தான் அந்தச் சொல் கிடைக்கும்.

இன்னொரு சங்கதி உங்கள் பிள்ளைகளிடம் சொல்ல விட்டுப்போனது. ஒக்கியில் போனவர்களின் ஃப்ரேமில் நான் வழக்கமாகக் கீழே 'பிறப்பு', 'இறப்பு' என்று இரண்டு வரி போடுவேன். பல பெண்கள் இரண்டாவது வரி வேண்டாம் என்றார்கள். உடல் கிடைக்காத ஆளை இறந்தவர் என்று சட்டம் எடுத்துக்கொள்ள ஏழு வருஷம் ஆகும். இங்கே அரசு அவ்வளவு நாள் காக்க வைக்காமல் 20 லட்சம் கொடுத்தது, கையெழுத்தும் போட்டு வாங்கினார்கள். ஆனால் காகிதத்தில் ஒத்துக்கொண்டதைச் சுவரில் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. சிலர் 'இறப்பு' என்று மட்டும் எழுதி, தேதியைக் காலியாக விடச் சொன்னார்கள். நான் சொன்ன அந்தப் பெண் மாலையும் வேண்டாம், சிலுவையும் வேண்டாம் என்றார். "சும்மா மாட்டி வைக்கப் போறேன்" என்றார். உங்கள் படத்தில் அழுகிற பெண்கள் மாரடித்துக்கொண்டு கடலைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றுவார்கள். அதுவும் நடந்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஏழெட்டு வருஷமாகத் தேதி போடாத ஒரு ஃப்ரேம் வீட்டுச் சுவரில் தொங்குவதைக் காட்ட, எத்தனை வயலின் வேண்டும்?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கதை எழுதும் முன்னே வாருங்கள், லொக்கேஷன் பார்க்க வரும்போது வேண்டாம். யார் வீட்டுக் கதையோ அந்த வீட்டுக்குப் போய், எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்று கேளுங்கள். சம்மதம் இல்லையென்றால் பேரை, ஊரை முழுக்க மாற்றி, 'கற்பனை' என்றே போட்டுவிடுங்கள். பாதிப் பேரை வைத்துக்கொண்டு, போட்டின் பேரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றுகிற வேலை வேண்டாம். 'சில காட்சிகள் சினிமாவுக்காக மாற்றப்பட்டுள்ளன' என்று மொட்டையாகப் போடாமல், எந்தக் காட்சி என்று சொல்லுங்கள். சிகரெட் எச்சரிக்கைக்கு இருக்கிற இடம் இதற்கு இல்லாமலா போகும்? போட்டுக்குள் நடந்த கடைசி இரவைக் காட்டும்போதாவது, 'இது யாருக்கும் தெரியாது, நாங்கள் நினைத்துப் பார்த்தது' என்று ஒரு வரி போடுங்கள். படம் முடிந்ததும் சென்னையில் பிரிவியூ போடுகிறீர்களே, அதற்கு முன்னால் ஒரு ராத்திரி இங்கே கோயில் மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிப் போட்டுக் காட்டுங்கள். ஜெனரேட்டர், நாற்காலி எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். திட்டினால் திட்டட்டும், எடிட் செய்ய நேரம் இருக்கும்போதே திட்டு வாங்குவது நல்லதுதானே.

அந்த இரண்டு பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்: சி.டி. பூஞ்சை பிடிக்கவில்லை, நான் சொன்னது பொய். ஆனாலும் தர மாட்டேன். வேறு படங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். திருவிழா, கல்யாணம், வள்ளம் இறக்குகிற நாள், முதல் நன்மைக்கு வெள்ளைச் சட்டையில் வரிசையாக நிற்கிற பிள்ளைகள் எல்லாம் இருக்கிறது. அந்த வரிசையில் யார் யார் இப்போது இல்லை என்று விரல் வைத்துக் காட்டுகிறேன். அவர்கள் எப்படிச் சிரித்தார்கள் என்று அதில் தெரியும்.

கடை காலை ஒன்பதரைக்குத் திறக்கும். மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை சாப்பாடு, தூக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் இருப்பேன். டிசம்பர் 26 மட்டும் வர வேண்டாம், அன்றைக்குக் கடை கிடையாது.

இப்படிக்கு,
குளச்சல் பக்கத்து ஸ்டுடியோக்காரன்